தச்சர் மகனைக் கண்டு நடுங்கிய ஊர்: விலக்கப்பட்ட நற்செய்திகளும் திகில் படங்களும்

2025ஆம் ஆண்டு நவம்பரில் ‘தி கார்ப்பென்டர்ஸ் சன்’ என்ற திகில் படம் திரைக்கு வந்தது. லாட்ஃபி நேதன் எழுதி இயக்கிய படம். நிக்கோலஸ் கேஜ் தச்சராகவும், பாடகி எஃப்கேஏ ட்விக்ஸ் அவர் மனைவியாகவும், நோவா ஜூப் அவர்களுடைய மகனாகவும் நடித்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. தச்சர், தாய், சிறுவன், அவ்வளவுதான். உரோமை ஆட்சிக்கால எகிப்தில் ஒளிந்து வாழும் மூவர் யார் என்பதைப் படம் சொல்லாமலேயே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். படம் வருவதற்கு முன்பே எதிர்ப்பும் வந்துவிட்டது. புனிதமான ஒரு குழந்தைப் பருவத்தை எடுத்துப் பேய்ப்படம் ஆக்குவதா என்று பலர் கொதித்தார்கள். துணிச்சலான கற்பனை என்று சிலர் பாராட்டினார்கள்.

கொதித்தவர்களும் பாராட்டியவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். திகிலைக் கொண்டுவந்து சேர்த்தவர் இயக்குநர் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டது. அது சரியில்லை. இந்தத் திகிலுக்கு ஏறத்தாழ 1,800 வயது. தோமாவின் பெயரால் வழங்கும் குழந்தைப் பருவ நற்செய்தியில் அது ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் படம் உட்பட, கிறிஸ்தவத்தின் விலக்கப்பட்ட நூல்களை, அதாவது விவிலியத்தில் சேர்க்கப்படாத பழைய நூல்களைத் தொட்ட திகில் படங்களில் பெரும்பாலானவை மூலத்தின் பயத்தைக் கூட்டவில்லை, குறைத்திருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன். அதை விளக்க வேண்டுமானால் முதலில் அந்த நூலைத் திறக்க வேண்டும்.

ஐந்து வயதுப் பிள்ளை

குழந்தைப் பருவ நற்செய்தி எழுதப்பட்டது 2ஆம் நூற்றாண்டில். கிரேக்கத்தில் பரவலாக வழங்கும் வடிவத்தில் 19 சிறிய அதிகாரங்கள். லூக்கா நற்செய்தி பிறப்பைச் சொல்லிவிட்டு நேரே 12 வயதுக்குத் தாவுகிறது. எருசலேம் கோவிலில் போதகர்களுக்கு நடுவே சிறுவன் அமர்ந்திருக்கும் காட்சி அது. இடையில் என்ன நடந்தது என்று விசுவாசிகள் கேட்டிருப்பார்கள். கேட்காமல் எப்படி இருப்பார்கள்? அந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததுதான் இந்த நூல்.

மழைக்குப் பின் ஓடையோரம் ஐந்து வயது இயேசு விளையாடிக்கொண்டிருக்கிறார். ஓடும் நீரைச் சிறு குட்டைகளாகத் தேக்கி, ஒரு சொல்லால் அதைத் தெளிய வைக்கிறார். களிமண்ணைப் பிசைந்து 12 சிட்டுக்குருவிகள் செய்கிறார். அன்று ஓய்வுநாள். ஒருவர் போய் யோசேப்பிடம் புகார் சொல்ல, யோசேப்பு வந்து அதட்ட, சிறுவன் கைதட்டுகிறார், குருவிகள் பறந்துவிடுகின்றன. இதுவரை இனிமையான கதை. குர்ஆனிலும் களிமண் பறவைக்கு இயேசு உயிர் கொடுத்த செய்தி உண்டு.

அடுத்த வரியிலேயே காற்று திசை மாறுகிறது. அன்னா என்ற மறைநூல் அறிஞரின் மகன் ஒரு வில்லோ மரக் கிளையால் குட்டைகளைக் கலைத்துவிடுகிறான். இயேசு கோபம் கொண்டு, நீயும் மரம்போலக் காய்ந்துபோவாய் என்கிறார். அந்தப் பையன் உடனே வாடி வதங்கிப் போகிறான். பெற்றோர் அவனுடைய இளமையை எண்ணி அழுதபடி தூக்கிச் செல்கிறார்கள். பிறகு ஊருக்குள் நடந்து போகும்போது ஓடிவந்த ஒரு சிறுவன் இயேசுவின் தோளில் இடித்துவிடுகிறான். நீ போகும் வழியைப் போய் முடிக்க மாட்டாய் என்று இயேசு சொன்னதும் அவன் விழுந்து சாகிறான். இறந்த பிள்ளையின் பெற்றோர் யோசேப்பிடம் வந்து, சபிக்காமல் ஆசீர்வதிக்க அவனுக்குக் கற்றுக்கொடு, இல்லாவிட்டால் எங்களோடு இந்த ஊரில் நீ குடியிருக்க முடியாது என்கிறார்கள். குற்றம் சாட்டியவர்களின் பார்வை பறிபோகிறது.

யோசேப்பு என்ன செய்கிறார் தெரியுமா? எழுந்து போய்ப் பிள்ளையின் காதைப் பிடித்து முறுக்குகிறார்.

இந்த ஓர் அசைவுக்காகவே நான் இந்த நூலை மதிக்கிறேன். ஊர் முழுவதும் நடுங்கி நிற்கும்போது, தன் முன் நிற்பது என்ன என்பதே புரியாத ஒரு தகப்பன், தகப்பன் செய்யக்கூடியதைச் செய்கிறார். பிள்ளை திரும்பி அவரைப் பார்த்து, என்னைச் சினமூட்டாதீர் என்று எச்சரிக்கிறது. விவிலியத்தில் உள்ள நான்கு நற்செய்திகளிலும் யோசேப்பு வாய் திறந்து பேசிய சொல் ஒன்றுகூடக் கிடையாது. இங்கேதான் அவர் பேசுகிறார், கவலைப்படுகிறார், கோபப்படுகிறார். இரண்டாவது ஆசிரியர் பிள்ளையைத் தலையில் அடித்து, சபிக்கப்பட்டு விழுந்தபின், யோசேப்பு மரியாவிடம் சொல்வது நூலிலேயே மிகவும் அச்சமூட்டும் வாக்கியம்: அவனை வாசலுக்கு வெளியே விடாதே, அவனுக்குச் சினமூட்டுகிறவர்கள் செத்துப்போகிறார்கள்.

முதல் ஆசிரியர் சக்கேயுவின் கதை இன்னும் நுட்பமானது. அவர் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க முன்வருகிறார். ஆல்பா என்ற எழுத்தின் உட்பொருளை முதலில் நீர் சொல்லும், பிறகு நான் பீட்டாவைப் பற்றிச் சொல்கிறேன் என்று பிள்ளை மடக்குகிறது. சக்கேயு உடைந்துபோகிறார். சகோதரர் யோசேப்பே, இவனை அழைத்துப் போய்விடும், இவனுடைய பார்வையின் கடுமையை என்னால் தாங்க முடியவில்லை என்று மன்றாடுகிறார். இவன் மண்ணில் பிறந்தவன் இல்லை, கடவுளா வானதூதரா என்ன என்று எனக்குத் தெரியவில்லை என்று புலம்புகிறார். அதைக் கேட்டுப் பிள்ளை பெரிதாகச் சிரிக்கிறது. சிரித்தபின், சாபத்துக்கு ஆளான எல்லோரும் குணமடைகிறார்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கும் அவருக்குக் கோபமூட்டத் துணிவு வரவில்லை என்று நூல் முடிவாகச் சொல்கிறது. நலம் திரும்பிவிட்டது, பயம் போகவில்லை.

பின்பாதியில் பிள்ளை கனிகிறது. மாடியிலிருந்து விழுந்து இறந்த செனோ என்ற சிறுவனை எழுப்புகிறது, கோடரி பட்ட காலைக் குணமாக்குகிறது, பாம்பு கடித்த, யோசேப்பின் மகன் யாக்கோபின் கையில் ஊதி விஷத்தை முறிக்கிறது. ஆனால் செனோ விழுந்ததும் அவனைப் பெற்றவர்கள் முதலில் யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்று கவனியுங்கள். தள்ளியது இந்தப் பிள்ளைதான் என்கிறார்கள். இயேசு செனோவை உயிர்ப்பித்து, நான் உன்னைத் தள்ளினேனா என்று கேட்கிறார். இல்லை ஆண்டவரே என்று அவன் சாட்சி சொல்கிறான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிணத்தைச் சாட்சிக்கு எழுப்ப வேண்டிய நிலையில் ஒரு சிறுவன்! இதற்கு மேல் ஒரு திரைக்கதையாசிரியர் எதைச் சேர்க்க முடியும்?

ஒளித்துவைக்கப்பட்ட நூலா?

இந்த நூல்களைப் பற்றிப் பேசினாலே, திருச்சபை பூட்டி மறைத்துவிட்டது என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். கி.பி. 325இல் நைசீயா நகரில் ஆயர்களின் சங்கம் கூடி எந்த நூல்கள் வேண்டும், எவை வேண்டாம் என்று வாக்கெடுப்பு நடத்தியதாகப் பலர் நம்புகிறார்கள். அந்தச் சங்கம் விவிலியப் பட்டியலை முடிவு செய்யவே இல்லை. இன்று நம் கையில் உள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் ஒரே பட்டியலாக வருவது 367ஆம் ஆண்டில், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய பாஸ்கா மடலில். அதற்கு முன்னும் பின்னும் நீண்டகாலம் விவாதம் நடந்தது. குழந்தைப் பருவக் கதைகளைச் சந்தேகித்தவர்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். 180ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஆயர் ஐரேனியஸ், ஆல்பா–பீட்டா கதையைப் போலி எழுத்துகளில் ஒன்றாகக் குறிப்பிட்டுக் கண்டிக்கிறார்.

கண்டித்தாலும் மக்கள் விடவில்லை. படியெடுத்தார்கள், மொழிபெயர்த்தார்கள், சுவரிலும் கல்லிலும் வரைந்தார்கள். இங்கிலாந்தின் டிரிங் என்ற ஊரின் தேவாலயத்திலிருந்து கிடைத்த 14ஆம் நூற்றாண்டு ஓடுகளில் பெரும்பாலானவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செந்நிற ஓட்டின்மேல் வெளிர்நிறக் கோடுகளில் இயேசுவின் பிள்ளைப் பருவம் படக்கதையாக ஓடுகிறது. குட்டையைக் கலைத்த சிறுவன் தலைகீழாகச் செத்துக் கிடக்கிறான். வேறோர் ஓட்டில், தன் மகன் இயேசுவோடு சேரக் கூடாது என்று ஒரு தகப்பன் அவனைக் கோபுரத்தில் அடைத்துப் பூட்டுகிறான். இயேசு அந்தப் பையனைச் சிறு துவாரம் வழியே வெளியே இழுத்துவிடுகிறார். ஒரு தேவாலயத்துக்கென்று செய்யப்பட்ட படங்கள் இவை. மறைத்து வைத்த இரகசியத்தை யாரும் தேவாலயத்தில் ஓடுகளாகப் பதிப்பதில்லை.

2024இல் இன்னொரு செய்தி வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டை லாயோஷ் பெர்கெஷ், கேப்ரியல் நோக்கி மாசெடோ என்ற இரு ஆய்வாளர்கள் படித்துப் பார்த்தார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத துண்டு, 13 வரிகள். கையெழுத்து கோணல்மாணலாக இருந்ததால் ஏதோ வீட்டுக் குறிப்பு என்று விட்டுவைத்திருந்தார்கள். அதில் இயேசு என்ற சொல் கண்ணில் பட, ஒப்பிட்டுப் பார்த்தபோது களிமண் குருவிக் கதை வெளிப்பட்டது. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எகிப்தில் எழுதப்பட்டது. கிரேக்கத்தில் இந்த நூலுக்கு அதற்கு முன் தெரிந்திருந்த மிகப் பழைய பிரதி 11ஆம் நூற்றாண்டினது. கோணலான அந்த எழுத்து, மாணவன் ஒருவனின் எழுத்துப் பயிற்சியாக இருக்கலாம் என்பது அவர்களுடைய கணிப்பு. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. ஆசிரியர்களை மடக்கிய பிள்ளையின் கதையை ஒரு மாணவன் ஆசிரியருக்கு முன் உட்கார்ந்து எழுதிப் பழகியிருக்கிறான்.

பழியைச் சாத்தான்மேல் போடுவது

இனி படத்துக்கு வருவோம். நேதன் எகிப்தியக் கோப்டிக் கிறிஸ்தவப் பின்னணி கொண்டவர். எகிப்தைப் பின்புலமாக எடுத்துக்கொண்டதற்கு மத்தேயு நற்செய்தியிலேயே ஆதாரம் உண்டு. பயத்தைத் தகப்பனின் பக்கத்திலிருந்து காட்ட முயன்றது நல்ல முடிவு. மகனை வழிபாட்டு விதிகளுக்குள் கட்டிவைக்கத் துடிக்கும் அந்தத் தச்சரிடம், காதை முறுக்கிய யோசேப்பின் சாயல் இருக்கிறது. ஆனால் படம் சிறுவனுக்கு அருகில் ஓர் அந்நியனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இளம் உருவில் வந்து நட்புப் பாராட்டி, விதிகளை மீறத் தூண்டும் அந்த அந்நியன்தான் சாத்தான். அந்தக் கணத்திலேயே பார்வையாளருக்கு ஒரு நிம்மதி பிறந்துவிடுகிறது. தீமைக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அதை எதிர்த்தால் போதும்.

இதே கதையைத் தொட்ட 2016ஆம் ஆண்டுப் படம் ‘தி யங் மெசையா’. திகில் படம் இல்லை. குடும்பத்தோடு பார்க்கும் பக்திப் படம். ஆன் ரைஸ் எழுதிய நாவல் அதற்கு மூலம். அதிலும் ஒரு முரட்டுச் சிறுவன் விழுந்து சாகிறான், இயேசுமேல் பழி விழுகிறது, இயேசு அவனை எழுப்புகிறார். ஆனால் அவனைச் சாகடித்தது மனிதர் கண்ணுக்குத் தெரியாத சாத்தான். பக்திப் படமும் பேய்ப்படமும் ஒரே இடத்தில் ஒரே வழியைத் தேடிக்கொண்டதைப் பாருங்கள். இருவருக்கும் மூல நூலின் அந்தப் பக்கத்தை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் மூல நூலில் தூண்டிவிட யாரும் இல்லை. அந்தப் பிள்ளையின் சொல் செயலாகிவிடுகிறது, அவ்வளவுதான். தெய்வ வல்லமை, ஐந்து வயதுக் கோபம், இரண்டும் ஓர் உடலில். அதை எழுதியவர் இயேசுவை இழிவுபடுத்த எழுதவில்லை, உயர்த்தவே எழுதினார். இறைவாக்கினர் எலிசாவைக் கேலி செய்த 42 சிறுவர்களைக் கரடிகள் பீறிப்போட்ட கதை பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. சரியப் பார்த்த உடன்படிக்கைப் பேழையைத் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டிய ஊசா அங்கேயே விழுந்து இறக்கிறான். பொய் சொன்ன அனனியாவும் சப்பிராவும் பேதுருவின் முன் அடுத்தடுத்து விழுவது திருத்தூதர் பணிகளில் வருகிறது. தூயது ஆபத்தானது, அருகில் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்ற உணர்வு விவிலியத்துக்குள்ளேயே ஆழமாக ஓடுகிறது. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகள், கல்லறையை விட்டு ஓடிய பெண்கள் அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த அச்சத்தைத் திரையில் நேர்மையாகக் காட்டினால் அது நிந்தனை ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். புண்படுகிறவர்களின் வருத்தத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. வணங்கும் ஒருவரைத் திகில் படத்தின் சுவரொட்டியில் பார்ப்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் வலிக்கும் அந்தக் கதையைப் படைத்தவர்களும் அவரை வணங்கியவர்களே.

நேதனுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைப் பருவத்துக்குள் சாத்தானைக் கொண்டுவருவதற்கும் பழைய முன்னோடி உண்டு. அரபியில் வழங்கும் பிற்காலக் குழந்தைப் பருவ நற்செய்தியில், பேய் பிடித்த ஒரு சிறுவன் இயேசுவின் அருகில் வந்து உட்காருகிறான். கடிக்க முயன்று, முடியாமல் போகவே விலாவில் அடிக்கிறான். சாத்தான் வெறிநாய்போல அவனை விட்டு ஓடுகிறது. அந்தச் சிறுவன், பின்னாளில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு. அடிபட்ட விலா, பின்னாளில் ஈட்டியால் குத்தப்பட்ட அதே விலா என்கிறது நூல். அந்நியனை விட இந்தக் காட்சி எவ்வளவு கூர்மையானது! அதே நூலில், இயேசுவோடு விளையாட விடாமல் சூளைக்குள் பிள்ளைகளை ஒளித்துவைத்த பெண்கள், உள்ளே இருப்பவை ஆட்டுக்குட்டிகள் என்று பொய் சொல்கிறார்கள்; கதவைத் திறந்தால் குட்டிகள் துள்ளிக்கொண்டு வருகின்றன. பெண்கள் கதறியபின் அவர்கள் மறுபடி பிள்ளைகள் ஆகிறார்கள்.

இல்லாத அதிகாரங்களும் பூட்டாத பெட்டியும்

இன்னொரு வகைப் படங்கள் உண்டு. அவற்றுக்கு விலக்கப்பட்ட நூலின் உள்ளடக்கம் தேவையில்லை, விலக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் போதும். 1995இல் வந்த ‘தி ப்ராஃபசி’ படத்தில், விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் 23ஆம் அதிகாரம் ஒன்று கண்டெடுக்கப்படுகிறது. உண்மையில் அந்த நூலுக்கு 22 அதிகாரங்கள்தான். 1976இன் ‘தி ஓமன்’ படத்தில் திருவெளிப்பாட்டிலிருந்து என்று ஓதப்படும் பாட்டு அந்த நூலில் எங்கும் இல்லை. அந்தப் படம் பேசும் எதிர்க்கிறிஸ்து என்ற பெயர்கூடத் திருவெளிப்பாட்டில் வராது. யோவானின் மடல்களில்தான் வருகிறது. இவையெல்லாம் கதைக்காகச் செய்த சுதந்திரம் என்று விட்டுவிடலாம்.

விட முடியாதது ‘ஸ்டிக்மாட்டா’. 1999இல் வந்தது. கடவுள் நம்பிக்கையற்ற ஓர் இளம்பெண்ணின் உடலில் இயேசுவின் காயங்கள் தோன்றுகின்றன. இறந்துபோன ஒரு குருவின் ஆவி அவள் வழியாக, மறைக்கப்பட்ட ஒரு நற்செய்தியை வெளிக்கொணர முயல்கிறது. அந்த நற்செய்தி தோமா நற்செய்தி. முடிவில் திரையில் எழுத்துகள் ஓடி, இது உண்மையிலேயே இருக்கும் நூல், வத்திக்கான் ஏற்க மறுக்கிறது என்று பார்வையாளரை அனுப்பிவைக்கின்றன. தோமா நற்செய்தியின் கோப்டிக் மொழிப் பிரதி 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே மண்சாடி ஒன்றில் மற்ற நூல்களோடு கிடைத்தது. 1959இலேயே அச்சாகி, மொழிபெயர்ப்போடு கடைக்கு வந்துவிட்டது. இன்று யாரும் படிக்கலாம். பூட்டாத பெட்டியை உடைக்கத்தான் அந்தப் பெண் அவ்வளவு இரத்தம் சிந்துகிறாள்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுவது நல்லது. தோமா நற்செய்தி வேறு, தோமாவின் குழந்தைப் பருவ நற்செய்தி வேறு. முன்னது 114 பொன்மொழிகளின் தொகுப்பு. அதில் கதையே கிடையாது, பிறப்பும் இல்லை, சிலுவையும் இல்லை. கல்லைத் தூக்கு, அங்கே என்னைக் காண்பாய் என்ற அழகான வரி அதில் வருகிறது. படம் அதைத்தான் பயன்படுத்தியது. அமைதியான, புதிர் நிறைந்த அந்த நூலில் பேய்ப்படத்துக்கான சரக்கு எதுவும் இல்லை என்பதால், மறைப்பு என்ற கற்பனையைச் சரக்காக்க வேண்டியதாயிற்று.

பேய்களின் பெயர்ப் பட்டியல்

திகில் படங்கள் விலக்கப்பட்ட நூல்களிடம் அதிகமாகக் கடன் வாங்கியிருப்பது பெயர்களைத்தான். பேய் ஓட்டும் காட்சியில் குருவானவர், உன் பெயர் என்ன என்று அதட்டுவார் அல்லவா? மாற்கு நற்செய்தியில் இயேசு அப்படிக் கேட்டு, இலேகியோன் என்று விடை பெறுகிறார். அதை ஒரு முழு நூலாக விரித்தது சாலொமோனின் சாசனம். கிரேக்கத்தில், கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் உருவான நூல். மன்னர் சாலொமோன் எருசலேம் கோவிலைக் கட்டும் இடத்தில் ஒரு சிறுவன் நாளுக்கு நாள் மெலிகிறான். இரவில் ஓர்னியாஸ் என்ற பேய் வந்து அவன் கட்டைவிரலைச் சப்பி உயிரை உறிஞ்சுகிறது, கூலியிலும் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறது. சாலொமோன் மன்றாட, வானதூதர் மிக்கேல் ஒரு மோதிரம் கொண்டுவருகிறார். அந்த மோதிரத்தால் பேய்களை ஒவ்வொன்றாக வரவழைத்து, நீ யார், என்ன தீங்கு செய்கிறாய், எந்தத் தூதர் உன்னை அடக்குவார் என்று மன்னர் விசாரிக்கிறார். பிறகு கோவில் வேலையில் சேர்த்துவிடுகிறார்.

அந்த வரிசையில் தலைவிரி கோலமாக வரும் ஒரு பெண் பேய், பிறந்த குழந்தைகளின் கழுத்தை நெரிப்பது தன் வேலை என்கிறது. 2012இன் ‘தி பொசஷன்’, பிறகு வந்த ‘தி ஆஃபரிங்’ ஆகிய படங்களில் அபிசு என்ற பெயரில் வருவது அதுவே. சாலொமோன் பெயரை ஒட்டி 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மந்திர நூலில் பட்டியல் 72 பேய்களாக நீண்டது. ‘ஹெரிடிட்டரி’ படத்தின் பைமோன் அங்கிருந்து வந்தவன். ‘தி கான்ஜுரிங் 2’, ‘தி நன்’ படங்களின் வலாக்கும் அப்படித்தான். மந்திர நூலில் வலாக், இரட்டைத்தலை நாகத்தின்மேல் சவாரி செய்யும், சிறகு முளைத்த சிறுவன். படத்தில் கன்னியாஸ்திரீ உருவம். பெயர் மட்டும் பழையது.

சாசனத்தின் முடிவை ஏன் எந்தப் பேய்ப்படமும் எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. எல்லாப் பேய்களையும் அடக்கிய மன்னர் ஓர் அந்நியப் பெண்ணின்மேல் ஆசை கொள்கிறார். அவளை அடைய வேண்டுமானால் அவளுடைய தெய்வங்களின் பெயரால் சில வெட்டுக்கிளிகளை நசுக்கினால் போதும் என்கிறார்கள். அற்பமான செயல்தானே என்று அவர் செய்துவிடுகிறார். கடவுளின் ஆவி அவரை விட்டு நீங்குகிறது. பேய்களுக்கே அவர் வேடிக்கைப் பொருளாகிறார். கடைசியில் இரத்தமும் கூச்சலும் இல்லாமல் இவ்வளவு பெரிய வீழ்ச்சி.

பேய்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஏனோக்கு நூல் விடை சொல்கிறது. இது யூதர்களிடம் பிறந்த நூல். எத்தியோப்பியத் திருச்சபைக்கு இன்றும் விவிலியத்தின் பகுதி. 200 வானதூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி மானிடப் பெண்களை மணக்கிறார்கள். பிறந்த அரக்கர்கள் மனிதர் விளைவித்ததையெல்லாம் தின்று தீர்த்து, பிறகு மனிதரையே தின்னத் தொடங்குகிறார்கள். அரக்கர்கள் மடிந்தபின் அவர்களுடைய உடல்களிலிருந்து கிளம்பிய ஆவிகளே பூமியில் அலையும் தீய ஆவிகள். வாளும் அலங்காரமும் செய்யக் கற்றுக்கொடுத்த அசாசேலை, கைகால் கட்டிப் பாலைவனக் குழியில் தள்ளிக் கூரிய கற்களால் மூடுகிறார் வானதூதர் இரபேல். 1998இன் ‘ஃபாலன்’ படத்தில் அசாசேல் தொடுகையால் ஓர் ஆளிடமிருந்து மற்றோர் ஆளுக்குத் தாவுகிறது. நெரிசலான தெருவில் ஒருவர் தோளை மற்றவர் தொடத் தொட அது நகர்ந்துபோகும் காட்சி, உடலை இழந்த ஆவி வேறு உடல் தேடும் ஏனோக்கின் எண்ணத்துக்கு மிக அருகில் வருகிறது. ஊளையும் புகையும் இல்லாமல் அவ்வளவு பயத்தை எழுப்பிய காட்சிகள் குறைவு.

நரகக் காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாவால் தொங்கவிடப்பட்ட நிந்தனையாளர்கள், கொதிக்கும் சேற்றில் அமிழ்ந்தவர்கள் என்று குற்றத்துக்கேற்ற தண்டனையாகக் காட்டியது 2ஆம் நூற்றாண்டின் பேதுரு திருவெளிப்பாடு என்ற நூல். அதன் வழி பவுல் திருவெளிப்பாடு, அதன் வழி இடைக்கால ஐரோப்பா, அங்கிருந்து இத்தாலியக் கவிஞர் தாந்தே, பிறகு சினிமா. படங்கள் தண்டனைகளை எடுத்துக்கொண்டன, பேதுருவை விட்டுவிட்டன. அந்த நூலில் அவர் வேதனைப்படுகிறவர்களைப் பார்த்து, இவர்கள் படைக்கப்படாமலே இருந்திருக்கலாமே என்று அழுகிறார்.

இன்னும் எடுக்க வேண்டிய காட்சிகள்

யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற 2ஆம் நூற்றாண்டு நூலில், மரியாவைக் குகையில் விட்டுவிட்டு மருத்துவச்சியைத் தேடிப் போகிறார் யோசேப்பு. திடீரென்று உலகம் நின்றுவிடுகிறது. வானில் பறவைகள் அசையாமல் நிற்கின்றன. தரையில் சட்டியைச் சுற்றி வேலையாட்கள். கை சட்டியில் இருக்கிறது, எடுக்கவில்லை. வாயருகே கொண்டுபோனவன் உண்ணவில்லை. எல்லா முகங்களும் மேலே பார்க்கின்றன. ஆட்டை ஓட்ட ஓங்கிய மேய்ப்பனின் கோல் அந்தரத்தில் நிற்கிறது. ஆற்றில் வாய் வைத்த குட்டிகள் குடிக்கவில்லை. பிறகு சட்டென எல்லாம் தன் வழியில் ஓடத் தொடங்குகிறது. பிறப்பின் நேரம் அது. நூல் அதை விளக்கவே இல்லை, ஒரு மனிதன் கண்டதாக மட்டும் சொல்கிறது. சற்று நேரத்தில் சலோமி என்ற பெண், கன்னி ஒருத்தி பெற்றாள் என்பதை நம்பாமல் கையால் சோதிக்கப் போக, அந்தக் கை தீயில் எரிவதுபோலக் கழன்றுபோகிறது. குழந்தையைத் தூக்கியதும் குணமாகிறது.

எகிப்தியத் திருச்சபையில் வழங்கிய ‘தச்சர் யோசேப்பின் வரலாறு’ இன்னொரு புதையல். 111 வயதில் யோசேப்பு மரணப்படுக்கையில் கிடக்கிறார். பயந்து நடுங்கி, தன் பாவங்களை எண்ணிப் புலம்புகிறார். சிறுவயதில் உன் காதைப் பிடித்தேனே, மன்னித்துவிடு என்று மகனிடம் கெஞ்சுகிறார். சாவு தன் பரிவாரத்தோடு வருகிறது. இயேசு அங்கே இருப்பதைக் கண்டு உள்ளே வர அஞ்சி நிற்கிறது. சாவுக்கே பயம், சாகிறவருக்கும் பயம். இடையில் நிற்கும் மகன்தான் சாவை உள்ளே விட வேண்டும். நிக்கோலஸ் கேஜைப் போன்ற ஒரு நடிகர் கையில் இருக்கும்போது இந்த ஒரு காட்சிக்காகவே ஒரு படம் எடுத்திருக்கலாம்.

மூல நூல்களைப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் குழந்தைப் பருவ நற்செய்தியிலிருந்து தொடங்கலாம். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அடுத்து யாக்கோபின் முதல் நற்செய்தி, அதன்பின் சாலொமோனின் சாசனம். ஏனோக்கு நீளமானது, முதல் 36 அதிகாரங்கள் போதும், வானதூதர்களின் வீழ்ச்சி முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. படம் பார்த்தபின் படிப்பதைவிட, படித்துவிட்டுப் படம் பார்ப்பது மேல். இயக்குநர் எந்தப் பக்கத்தில் மூலத்தை விட்டு விலகினார் என்பது அப்போதுதான் தெரியும்.